சிட்ரஸ் லிக்யூர்: பாகு சேர்க்கும் நாளில் செய்யும் தவறும் வேறு சிலவும்

எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் தோலை ஆல்கஹாலில் ஊறவைத்து, பிறகு சர்க்கரைப் பாகு கலந்து, லிக்யூர் எனப்படும் இனிப்பு மதுவை வீட்டிலேயே தயாரிக்கத் தொடங்குபவர்கள் என்னிடம் கொண்டுவரும் சிக்கல்களில், ஆள் மாறினாலும் தவறு பெரும்பாலும் மாறுவதில்லை. நானும் தொடக்கத்தில் செய்தவைதாம் அவை. தோலின் அடியிலுள்ள வெள்ளைப் பகுதி கசக்கும், புட்டி சுத்தமாக இருக்க வேண்டும் என்பவற்றை எல்லாச் செய்முறைக் குறிப்புகளும் சொல்லிவிடுகின்றன. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

கலந்த அன்றே ருசி பார்த்துப் பாகை ஊற்றிக்கொண்டே போவது

பழம், ஆல்கஹால், காத்திருந்த நாட்கள் ஆகிய எல்லாவற்றையும் கடைசி அரைமணி நேரத்தில் வீணாக்குவது இந்தத் தவறுதான். இன்றும் இதைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வருகிறது, ஏனெனில் ஒரு தாளும் பேனாவும் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம்.

நண்பர் ஒருவர் 95 சதவீத ஆல்கஹால் ஒரு லிட்டரில் எலுமிச்சைத் தோலை ஊறவைத்திருந்தார். தோலை மெல்லியதாகச் சீவியிருந்தார். நிறமும் மணமும் குறை சொல்ல முடியாதபடி இறங்கியிருந்தன. செய்முறையில் சொன்னபடி இரண்டு லிட்டர் பாகைக் கலந்தவர், உடனே ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். தொண்டை எரிந்தது. இன்னும் கொஞ்சம் பாகு காய்ச்சி ஊற்றினார், மறுபடியும் சுவைத்தார், மறுபடியும் ஊற்றினார். எரிச்சல் அடங்கியபோது மொத்தம் ஐந்து லிட்டர் ஆகியிருந்தது. சில வாரங்கள் கழித்து அவர் என் முன் வைத்த புட்டியின் கழுத்தில் மஞ்சள் நிற எண்ணெய் ஒரு வளையமாகத் திரண்டு நின்றது. உறைபெட்டியில் வைத்திருந்த இன்னொரு புட்டிக்குள் பனித்துகள்கள் கூழாகத் திரண்டிருந்தன. சுவைத்தபோது இனிப்பு மட்டுமே நாக்கில் தங்கியது.

கணக்கு எளியது. ஒரு லிட்டர் 95 சதவீத ஆல்கஹாலில் 950 மில்லி தூய ஆல்கஹால் இருக்கிறது. மொத்தக் கலவை மூன்று லிட்டராக இருந்தால் அது 32 சதவீதத்துக்கு அருகில் வரும். ஐந்து லிட்டரானால் 19 சதவீதம்தான். தோலிலிருந்து இறங்கிய எண்ணெய் ஆல்கஹாலில் நன்றாகக் கரையும், நீரில் ஏறக்குறைய கரையாது. எனவே வலு குறையக் குறைய அது பிரிந்து மேலே மிதக்கிறது. சர்க்கரையும் 30 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்த கலவை வீட்டு உறைபெட்டியின் மைனஸ் 18 டிகிரியில் குழைவாக இருக்குமே தவிர உறையாது. 19 சதவீதக் கலவை உறையத் தொடங்கிவிடும்.

புதிதாகக் கலந்த லிக்யூர் எரியத்தான் செய்யும். ஒரு மாதம் இருட்டில் ஓய்வாக இருந்தால் அந்தக் கூர்மை கணிசமாக மழுங்கிவிடும். அதோடு, குளிரவைத்துக் குடிக்க வேண்டியதை அறை வெப்பநிலையில் சுவைத்தால் ஆல்கஹாலின் ஆவி முதலில் மூக்கில் ஏறுகிறது. சுவைத்தே தீர வேண்டும் என்றால், ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து உறைபெட்டியில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டுச் சுவையுங்கள்.

இதே தவறு வேறொரு வழியிலும் நேர்கிறது. 95 சதவீத ஆல்கஹாலுக்கு எழுதிய செய்முறையை 40 சதவீத வோட்காவுக்கு அப்படியே பயன்படுத்துகிறார்கள். ஒரு லிட்டர் நீரில் 600 கிராம் சர்க்கரை கரைத்தால் பாகு சுமார் 1,370 மில்லி வரும். அதை ஒரு லிட்டர் வோட்காவில் ஊற்றினால் மிஞ்சுவது 17 சதவீதம். வோட்காவாக இருந்தால் 250 கிராம் சர்க்கரையை 200 மில்லி நீரில் கரைத்துச் சேர்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 30 சதவீதத்தை ஒட்டி நிற்கும்.

அளவு மீறி ஊற்றியதைத் திரும்ப எடுக்க வழியில்லை. புதிய தோல் ஊறிய வலுவான ஆல்கஹாலைச் சேர்ப்பது ஒன்றே தீர்வு. அதற்கு ஆகும் செலவு முதல் செலவுக்கு ஏறக்குறைய சமம்.

சூடான பாகு

முழுவதும் ஆறிய பிறகே கலக்க வேண்டும். ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கும். சூடான பாகு பட்டால் மணம் ஆவியாகப் போய்விடும், அருகில் அடுப்பு எரிந்தால் அந்த ஆவி தீப்பற்றிக்கொள்ளும்.

தோலை மாதக்கணக்கில் ஊறவிடுவது

நீண்ட நாள் ஊறினால் மணம் கூடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. வலுவான ஆல்கஹாலில் எண்ணெயின் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே இறங்கிவிடுகிறது; வோட்காவில் சில வாரங்கள் ஆகலாம். நாட்காட்டியைப் பார்க்காமல் தோலைப் பாருங்கள். ஒரு துண்டை எடுத்து வளைத்தால், நிறம் வெளிறி, காய்ந்த சருகைப் போல மடக்கென்று முறிய வேண்டும். அதற்குப் பிறகும் விட்டுவைத்தால், தோலோடு ஒட்டியிருக்கும் வெள்ளைப் பகுதியின் கசப்புதான் மேலும் மேலும் இறங்கும்.

கலங்கலைக் கண்டு அஞ்சுவது

பாகு பட்டவுடன் தெளிந்த மஞ்சள் திரவம் பால் போலக் கலங்கும்போது, கெட்டுவிட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். ஆல்கஹாலில் கரைந்திருந்த எண்ணெய், நீர் சேர்ந்ததும் மிக நுண்ணிய துளிகளாகப் பிரிந்து ஒளியைச் சிதறடிப்பதால் ஏற்படும் கலங்கல் அது. உங்கள் ஆல்கஹாலில் எண்ணெய் நன்றாக இறங்கியிருக்கிறது என்பதற்கு அதுவே சான்று. இதை அறியாமல் கரி வடிகட்டியில் ஊற்றித் தெளியவைப்பவர்கள், தெளிவைப் பெற்று மணத்தை இழக்கிறார்கள்.

மெழுகு பூசிய பழம்

கூடுமானவரை மெழுகு பூசாத, மருந்து தெளிக்காத பழமாகத் தேடுங்கள். அறுவடைக்குப் பின் பூஞ்சையைத் தடுக்கத் தடவப்படும் இமசலில் போன்ற மருந்துகள் தோலில்தான் தங்குகின்றன. நாம் ஊறவைப்பதும் அந்தத் தோலைத்தான். வெந்நீரும் தூரிகையும் மெழுகைக் குறைக்கும், முழுவதும் நீக்கிவிடாது.

சாறு

சேர்க்காதீர்கள், எலுமிச்சை மணத்தின் முக்கியக் கூறான சிட்ரால் அமிலத்தில் சிதையும்.

பிளாஸ்டிக் கலன்

கண்ணாடி மட்டுமே. தோலின் எண்ணெயிலுள்ள லிமோனீன், பாலிஸ்டைரீன் என்ற பிளாஸ்டிக் வகையைக் கரைத்துவிடும்.

தொழிற்சாலை ஸ்பிரிட், சானிடைசர்

தொடவே கூடாது, அவற்றில் இருக்கக்கூடிய மெத்தனால் கண்பார்வையையும் உயிரையும் பறிக்கும், எத்தனை நாள் தோலை ஊறவைத்தாலும் அது நீங்காது.