இண்டர்காம் இழுக்கும்போதே லேன் கேபிள்

அலுவலகத்துக்கு சின்ன இண்டர்காம் போடுகிறீர்களா? இண்டர்காமின் மையப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு மேசைக்கும் டெலிபோன் ஒயருக்குப் பதில் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குக்குப் போடும் கேட் 5ஈ ரக லேன் கேபிளையே இழுத்து, அதற்கான ஆர்ஜே45 சாக்கெட் மாட்டிவிடுங்கள். சாதாரண போனுக்கு ஒரு ஜோடி கம்பி போதும். இதில் நாலு ஜோடி இருக்கிறது. நீல ஜோடி சாக்கெட்டின் நடுப் பின்களான 4, 5-இல் வரும். போனின் சின்ன ஆர்ஜே11 பிளக்கும் அந்த நடுப் பின்களில்தான் தொடும். ஒரு ஜோடி அறுந்தால் அடுத்ததற்கு மாறலாம். பின்னால் லேன் கேபிளிலேயே இயங்கும் ஐபி போன் வாங்கினாலும் சுவரை உடைக்க வேண்டாம்; செலவே அதில்தானே! முழுச் செம்புக் கம்பியா என்று கேட்டு வாங்குங்கள். செம்பு பூசிய அலுமினியம் விலை குறைவு, ஆனால் சீக்கிரம் ஒடியும்.

போன் சாக்கெட்டுக்குத் தனி லேபிள் ஒட்டுங்கள். தவறிப்போய் அதில் கம்ப்யூட்டரைச் செருகினால், மணி அடிக்கும்போது அந்த லைனில் வரும் மின்னழுத்தம் கம்ப்யூட்டர் போர்ட்டைக் கெடுத்துவிடலாம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையிலோ ஜங்ஷனிலோ வாடகைக்கு எடுத்த இடத்தில் பழைய ஒயர் நன்றாக இருந்தால் இது வேண்டாத செலவு. கட்டடம் விட்டுக் கட்டடம் வெளியே போகும் லைனுக்கும் இது ஆகாது. உள்ளே போடும் லேன் கேபிளின் உறை நம் ஊர் வெயிலில் வெடித்துவிடும். அங்கே உள்ளே ஜெல் நிரப்பிய ஜெல்லி கேபிள்தான்; ஐப்பசி இடிமின்னலுக்கு இரு முனையிலும், திடீரென எகிறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் வேண்டும்.