கெர்னல் டிரைவரில் பைட்டுகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காட்பாடி காலேஜ் பிராஜெக்டுக்கு சென்சார் போர்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக்கு எடைக்கருவி என்று ஏதோ ஒன்றுக்கு லினக்ஸ் டிரைவர் (கெர்னலுக்குள் இருந்து கருவியோடு பேசும் நிரல்) எழுதும் பசங்க நிறைய பேர், கருவி அனுப்பும் பைட்டுகளை ஸ்ட்ர்என்கம்ப் (strncmp) போட்டு ஒப்பிடுகிறார்கள். கம்பைலர் திட்டாது, டெஸ்டிலும் ஓடும், அதுதான் வினை.

அந்த ஃபங்ஷன் எழுத்துத் தொடருக்கானது. இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பூஜ்ய பைட் வந்தால் தொடர் முடிந்தது என்று நினைத்து 'சமம்' என்று சொல்லிவிடும். அரக்கோணத்தில் ஏறி ஜோலார்பேட்டை வரை தண்டவாளம் பார்க்கப் போனவர் காட்பாடியிலேயே இறங்கி, மொத்தமும் சரி என்று கையெழுத்துப் போடுவது மாதிரி. மானிட்டர் தன்னைப் பற்றித் தரும் ஈடிஐடி (EDID) தகவலையே பாருங்கள், அதன் தலைப்பு 8 பைட்: முதலும் கடைசியும் 00, நடுவே ஆறு எஃப்எஃப். முதல் பைட்டே பூஜ்யம் என்பதால், 00-இல் தொடங்குகிற எந்தக் குப்பையும் இந்தச் சோதனையில் பாஸ்.

சரி, அதற்குப் பதில், பூஜ்யத்தில் நிற்காமல் சொன்ன நீளம் வரை பைட்டுகளை ஒப்பிடும் மெம்கம்ப் (memcmp) போட்டாச்சு, முடிந்ததா? இல்லை. சமமாக இருந்தால் அது தருவது 0, அதனால் '== 0' என்று வெளிப்படையாக எழுதுங்கள். நீளத்துக்கு பாயிண்டரின் (மெமரி முகவரியை வைத்திருக்கும் மாறி) சைஸ்ஆஃப் (sizeof) கொடுத்தால் 64 பிட் மெஷினில் 8 தான் வரும், பஃபரின் நீளம் வராது. வந்த பாக்கெட் நாம் ஒப்பிடும் அளவுக்காவது நீளமா என்று முதலில் பார்க்க வேண்டும், இல்லையென்றால் பஃபரைத் தாண்டிப் படிக்கும். கெர்னலில் மெமரித் தவறுகளைப் பிடிக்கும் கேசான் (KASAN) போட்டு ஓட்டினால் இது பெரும்பாலும் மாட்டும். மெம்கம்ப் திருப்பித் தரும் இன்ட் (int) மதிப்பைச் சின்ன டைப்பில் அடைக்கவே கூடாது, மேல் பிட்டுகள் வெட்டுப்பட்டு வேறு மதிப்பும் 0 ஆகிவிடலாம். 2012-இல் மைஎஸ்க்யூஎல் (MySQL) டேட்டாபேஸில் இதனால்தான், சில பில்டுகளில், தப்பான பாஸ்வேர்டைத் திரும்பத் திரும்பப் போட்டாலே சுமார் 256-க்கு ஒரு தடவை உள்ளே விட்டது!

ஸ்ட்ரக்டை (பல மதிப்புகளை உறுப்புகளாகச் சேர்த்த தொகுப்பு) அப்படியே ஒப்பிடுவதும் ஆபத்து. உறுப்புகளுக்கு நடுவே கம்பைலர் விடும் இடைவெளியில் பழைய குப்பை கிடக்கும், மதிப்புகள் ஒன்றாக இருந்தும் 'வேறு' என்று வரும். என் கட்சி, உறுப்பு உறுப்பாக ஒப்பிடுவதுதான். ரகசியச் சாவி, கையொப்பம் மாதிரி விஷயம் என்றால் மெம்கம்ப்பும் வேண்டாம், அது எடுக்கும் நேரத்தை வைத்தே ரகசியத்தை ஊகிக்கலாம், அதற்கு கெர்னலில் கிரிப்டோ மெம்நெக் (crypto_memneq) என்ற ஃபங்ஷன் இருக்கிறது.

திருத்திய பிறகு, பூஜ்ய பைட்டுக்கு அப்புறம் மட்டும் மாறுகிற ஒரு பாக்கெட்டை அனுப்பிப் பாருங்கள். கெர்னலுக்கு அனுப்பும் பேட்சில் (திருத்தத்தில்) ஃபிக்சஸ் (Fixes:) வரி போட்டு, தவறு நுழைந்த கமிட்டின் அடையாள எண்ணில் முதல் 12 எழுத்துகளாவது கொடுங்கள்.