இரவு பஸ்ல கொழும்பு போற மட்டக்களப்பு ஆக்கள் பகலை எந்தப் பார்க்கில கழிக்கிறது?

மட்டக்களப்பில இருந்து கொழும்புக்குப் போற நம்மட ஆக்கள் கூடுதலா ஊர் பார்க்கப் போறதில்ல, பாஸ்போட் எடுக்க, விசாவுக்கு, கிளினிக்குக்கு, இல்லாட்டி வெளிநாடு போற ஒராள ஏத்திவிடத்தான் போறது. இரவு பஸ்ல ஏறினா விடிய 4, 5 மணிக்கு புறக்கோட்டையில இறக்கி விட்டுருவாங்க, ஒபிஸ் திறக்க இன்னும் நாலு மணித்தியாலம் கிடக்கும், வேலை முடிஞ்சாலும் திரும்புற பஸ்சுக்குப் பொழுதுபடும் வரைக்கும் நிக்கணும். நானும் கனகாலம் அந்த நேரத்த பஸ் ஸ்டாண்ட் வாங்கிலயும் ஏசி போட்ட கடைகள்லயும் கால் கடுக்க நிண்டு தொலைச்சிருக்கன். அம்மாட கண் கிளினிக்குக்கு அடிக்கடி போகத் தொடங்கின பிறகுதான் கொழும்பில இவ்வளவு நிழலும் புல்லும் சும்மா கிடக்கெண்டு விளங்கிச்சு, அதாலதான் இத எழுதுறன்.

எந்தப் பார்க் நல்லம் எண்டு எல்லாரும் கேப்பாங்க. நீங்க எத்தின மணிக்கு எங்க நிக்கிறது எண்டு கேளுங்க. கோல்பேஸ்ல, அதான் கடலோரம் இருக்கிற காலிமுகத்திடல்ல, மத்தியானம் 1 மணிக்கு நிண்டா தலை வெடிச்சிரும், நிழலெண்டு சொல்ல ஒண்டும் இல்ல, அதே இடத்தில பின்னேரம் 5 மணிக்கு இருந்தா எழும்பி வர மனம் வராது. வெயிலோட சேந்து நாங்களும் இடம் மாறிக்கொண்டு போகணும், அவ்வளவுதான் விசயம்.

பஸ்ஸால இறங்கினதும் முகத்தக் கழுவி ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு 138ம் நம்பர் பஸ்ல ஏறுங்க, தும்முல்லையில இறங்கி ஒரு கிலோமீட்டர் அளவு நடந்தா சுதந்திர சதுக்கம். விடியக்காலம அங்க நடக்கிற ஆக்கள், ஓடுற ஆக்கள், கைத்தடியோட மெதுவா சுத்துற வயசாளிகள் எண்டு இருட்டோடயே சனம் வந்திரும், அதால பையோட தனிய இருக்கிறதுக்கு பயமில்ல. நடுவில நிக்கிற அந்தப் பெரிய மண்டபம் 1948 பெப்ரவரி 4 சுதந்திரம் கிடைச்சதின்ர நினைவுக்குக் கட்டினது, கண்டி ராசாட சபை மண்டபத்தப் பாத்து அதே மாதிரி கட்டியிருக்காங்க. சுவரில்லாம தூணும் கூரையும்தான், காத்து நல்லா வரும், மழை பெஞ்சாலும் நனையாம இருக்கலாம். சுத்திவர சிங்கச் சிலைகள் இருக்கு, சின்னப்புள்ளைகள் கூட வந்தா அதுகள எண்ண விடுங்க, அரை மணித்தியாலம் உங்களுக்கு ஓய்வு.

ஒபிஸ் வேலை இல்லாம சும்மா வந்த நாளெண்டா அந்தக் காலமையில நான் சொல்றது வேற இடம், கோட்டேயில இருக்கிற பெத்தகான ஈரநிலப் பூங்கா. 18 ஹெக்டேயர் அளவு சதுப்பு நிலம், அதுக்கு மேலால பலகை போட்டு நடைபாதை செஞ்சிருக்காங்க, எட்டு மணிக்கு முன்னம் போய்ச் சேர்ந்திரணும், பிந்தினா பறவையும் இருக்காது, வெயிலும் ஏறிரும். டிக்கெட் எடுக்கணும், உள்ளூர் ஆக்களுக்கு ஒரு விலை வெளிநாட்டுக்காரருக்கு வேற விலை, லண்டன், கனடாவில இருந்து வந்த சொந்தக்காரரக் கூட்டிப்போனா இத முன்னமே சொல்லி வையுங்க. உள்ள போய் கதைக்காம நடக்கிறதுதான் முக்கியம். தம்பிட மகளக் கூட்டிக்கொண்டு போன நாள் முதல் கால் மணித்தியாலம் ஒண்டுமே காணல்ல, புள்ளைக்கு அலுப்பு வந்திட்டு, மறுகா ஒரு இடத்தில நிண்டு மூச்சுக் காட்டாம இருந்தம், இருந்தாப்போல புல்லுக்குள்ள இருந்து ஊதா நிறத்தில ஒரு கோழி, சிவப்புச் சொண்டு, நெத்தியிலயும் சிவப்பு, நீளக் கால் விரல எல்லாம் விரிச்சி விரிச்சி மிதக்கிற இலைக்கு மேலால நடந்து வந்து ஒரு தண்டப் பிடுங்கி ஒரு காலால கையில பிடிக்கிற மாதிரிப் பிடிச்சிக்கொண்டு தின்னத் தொடங்கிச்சு. புள்ள என்ர சேட்ட இறுக்கிப் பிடிச்சதுதான், அது போற வரைக்கும் விடல்ல.

நம்மட வாவிக் கரையப் பாத்து வளந்த ஆக்களுக்கு அங்க ஒரு வித்தியாசம் தெரியும். நம்மட பக்கம் உப்புத்தண்ணி, கண்டல் மரம். அங்க நல்ல தண்ணிச் சதுப்பு, அதில அன்னமுன்னா இனத்து மரம் ஒண்டு வெளிநாட்டில இருந்து வந்து பத்தையாப் பிடிச்சி நிக்கிது, கிட்டப்போய் பாத்தா காயும் அன்னமுன்னாக் காய் மாதிரியேதான். கொழும்பில மழை கொட்டினா அந்தத் தண்ணியப் பிடிச்சி வைக்கிறது இந்தச் சதுப்புகள்தான், மூடி வீடு கட்டக் கட்ட வெள்ளம் ரோட்டுக்கு வந்திச்சு. மிச்சம் இருக்கிறதக் காப்பாத்தினதாலதான் 2018ல ராம்சார் (ஈரநிலங்களப் பாதுகாக்கிற சர்வதேச உடன்படிக்கை) ஈரநில நகரம் எண்ட பேர் கொழும்புக்குக் கிடைச்சது. மீன்பிடிப் பூனை கூட அந்தச் சதுப்புகள்ல இருக்கு, பகல்ல கண்ணில படாது. நமக்கிட்ட இவ்வளவு பெரிய வாவிய வச்சிக்கொண்டு இப்பிடி ஒரு பலகைப் பாதை நம்மட புள்ளைகளுக்கு இருந்தா எப்பிடி இருக்கும் எண்டு நான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறன், காந்தி பூங்காவில வாவியப் பாத்துக்கொண்டு இருக்கலாம், அதுவும் வடிவுதான், ஆனா வாவிக்கு உள்ளுக்கு நடந்து போற மாதிரி வராது.

வெயில் ஏறினதும் விகாரமகாதேவி பூங்கா. மாநகரசபையின்ர வெள்ளைக் கட்டிடத்துக்கு முன்னால, 138 அந்தப் பக்கத்தாலதான் போகும். நம்மட பழைய ஆக்கள் இன்னும் விக்டோரியா பார்க் எண்டுதான் சொல்லுவாங்க, 1958லதான் துட்டகைமுனு மன்னற்ற தாய்ட பேர வச்சாங்க. கொழும்பு நகரத்துக்குள்ள மத்தியானம் 11 மணியில இருந்து 3 மணி வரைக்கும் இருக்கிறதுக்கு எனக்குத் தெரிஞ்சி இத விட நல்ல இடம் இல்ல, மரமெல்லாம் அவ்வளவு பெருசு. அம்மாக்கு கண்ணில மருந்து விட்டா கொஞ்ச நேரம் வெளிச்சம் பாக்கேலாது, கூசும், முதல் தரம் அப்பிடி நடந்த அண்டைக்கு ரோட்டோரம் நிண்டு ரெண்டுபேரும் சரியாக் கஸ்டப்பட்டம், மறுகா ஒரு ஓட்டோ பிடிச்சி இங்க வந்து அடர்ந்த நிழல் ஒண்டப் பாத்து வாங்கில இருத்தினன், சோத்துப் பார்சல அவுத்துத் திண்டம், அவ அப்பிடியே சாஞ்சி ஒரு நித்திரை போட்டா. நான் மேல பாத்தன். கிளையெல்லாம் கறுப்புத் துணி காயப்போட்ட மாதிரி பழந்தின்னி வௌவால், நூத்துக்கணக்கில. உத்துப் பாத்தா ஒண்டும் சும்மா இல்ல, ஒண்டு ஒரு இறக்கைய உடம்பில சுத்திக்கொண்டு மத்த இறக்கையால தன்ன விசிறிக்கொண்டு கிடக்கு, நம்மட அம்மம்மா ஓலை விசிறியால விசிறுவாவே, அதே வேகம். அதுகளுக்குக் கீழ மட்டும் வாங்கு பிடிக்காதீங்க, ஏனெண்டு வாங்கப் பாத்தாலே விளங்கும்.

புள்ளைகளுக்கு ஓடி விளையாட அங்கயே இடம் இருக்கு. பக்கத்தில பொது நூலகம், எள்ளுப்போல நடந்தா 1877ல தொடங்கின தேசிய நூதனசாலை, மழை வந்திட்டா அங்க போய் நுழையலாம்.

பத்தரமுல்லயில தியத்த உயன எண்ட பூங்காவும் நல்லம், கொள்ளுப்பிட்டியில இருந்து கடுவெல போற 177 அந்தப் பக்கத்தால போகும், தியவன்னா ஓயாக் கரையில பூமரக்கண்டு விக்கிற கடைகள் இருக்கு. பூமரப் பைத்தியம் உள்ள ஆக்கள் மட்டும் போங்க, அந்தக் கண்டுகள இரவு பஸ்ல மடியில வச்சிக்கொண்டுதான் வரணும், நான் ரெண்டுதரம் கொண்டுவந்திருக்கன், ரெண்டும் நல்லா நிக்கிது.

நாலரைக்குப் பிறகு கோல்பேஸ். காலிமுகத்திடல் எண்டு கண்டக்டரிட்டச் சொன்னா விளங்காமப் போகலாம், கோல்பேஸ் எண்டே சொல்லுங்க, காலி ரோட்டால போற 100, 101 ரெண்டும் வழியில நிக்கும். 1859ல ஹென்றி வார்ட் எண்ட ஆளுநர் கட்டி முடிச்ச நடைபாதை, கொழும்புப் பொம்புளைகள், புள்ளைகள்ற நன்மைக்காக எனக்குப் பிறகு வாறவங்க இதப் பேணணும் எண்டு கல்லில வெட்டி வச்சிட்டுப் போயிருக்கார், அந்தக் கல்லுக்கிட்ட நிண்டு வாசிச்சிட்டு வாங்க. 2022ல ஜனாதிபதி கோட்டாபயவ விலகச் சொல்லிப் போராட்டம் நடந்ததும் இந்தப் புல்லிலதான், அந்த வருசம் மே 18, 2009 போர் முடிவில செத்த ஆக்கள்ற நினைவுக்குக் குடுக்கிற முள்ளிவாய்க்கால் கஞ்சி இங்க வச்சிக் குடுத்தாங்க, எனக்கு அந்த இடத்தால நடக்கக்குள்ள எப்பவும் அது ஞாபகம் வரும். மறுகா இறால் வடை வாங்குங்க, சூட்டோட பொரிச்சித் தாறவரிட்ட மட்டும் வாங்குங்க, அடுக்கி வச்சிருக்கிறது ஆறிப்போயிருக்கும். நம்மட கல்லடிக் கடல்ல சூரியன் எழும்பிறதப் பாத்துப் பழகின கண்ணுக்கு கடலுக்குள்ள சூரியன் இறங்கிறது பெரிய புதினம், தம்பிட மகள் "பெரியப்பா, அது தண்ணிக்குள்ள போனா நாளைக்கு நம்மட பக்கத்தால எப்பிடி வரும்" எண்டு கேட்டாள், பஸ்ல மட்டக்களப்புக்குக் கிட்ட கிரான் தாண்டும் வரைக்கும் விளங்கப்படுத்தினன்.

காலநிலைய நம்மட ஊர வச்சி நினைக்காதீங்க. இஞ்ச கச்சான் காத்து அடிச்சி மண் கொதிக்கிற மே, ஜூன் மாசம்தான் அங்க மழை, கோல்பேஸ்ல அலையும் பொல்லாததா இருக்கும், கடலுக்குள்ள இறங்கவே வேணாம். நம்மட வெள்ளக் காலம் முடியிற ஜனவரியில இருந்து மார்ச் வரைக்கும் அங்க நல்ல வெயில். ஏப்ரல், ஒக்டோபர், நவம்பர்ல காலம எவ்வளவு வெளிச்சமா இருந்தாலும் பின்னேரம் இடி மழை வரலாம், குடைய மறக்காதீங்க, நான் கோல்பேஸ் நடுவில குடையில்லாம மாட்டி கிளினிக் கொப்பி வரைக்கும் ஊறிப்போச்சு. அதுக்குப் பிறகு கடதாசியெல்லாம் பொலித்தீன்ல சுத்தித்தான் கொண்டுபோறது. தண்ணிப் போத்தல், நிலத்தில விரிக்க ஒரு பழைய சாரம், தோளில போடுற பை ஒண்டு, இதுக்கு மேல கொண்டுபோகாதீங்க, இழுக்கிற சில்லுப் பெட்டி புல்லில ஓடாது.

திரும்புற பஸ்சுக்கு ஒரு மணித்தியாலம் முன்னம் கோல்பேஸ்ல இருந்து எழும்பிருங்க. அந்த நேரம் ட்ரபிக்ல ஓட்டோ அசையாது, பஸ் ஏறுற புறக்கோட்டைக்குப் பக்கத்தில இருக்கிற கோட்டை ஸ்டேசன் ரெண்டு கிலோமீட்டர் அளவுதான், காத்தோட நடந்தே போயிரலாம்.