பிளிஸ்கா போன்ற இடங்களை அகழும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வடகிழக்குப் பல்கேரியாவிலுள்ள பிளிஸ்கா, 893இல் தலைநகரம் பிரெஸ்லாவுக்கு மாறும் வரை பல்கேரிய அரசர்களின் இருப்பிடமாக விளங்கியது. கரேல் ஷ்கோர்பிலும் பியோதர் உஸ்பென்ஸ்கியும் 1899இல் அங்கே அகழாய்வைத் தொடங்கினர். அரண்மனைகள், தேவாலயங்கள், குளியல் கூடங்கள் எனப் பல காலத்துக் கட்டடங்கள் நெருக்கியடித்துக் கிடக்கும் இத்தகைய வளாகத்தில், சுவரை மட்டுமே தேடுகிற மனப்பான்மையிலிருந்தே பெரும்பாலான பிழைகள் பிறக்கின்றன.

சுவர் தென்பட்டதும் அதன் ஓரமாகவே வாய்க்கால்போல் தோண்டிக்கொண்டு போவது பழைய வழக்கம். சுவர் விரைவில் வெளிப்பட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் சுவருக்கும் தரைக்கும் இருந்த தொடர்பு அந்த வாய்க்காலோடு போய்விடும். கட்டும்போது சிந்திய சாந்துத் துளிகளும் கல் செதுக்கிய சில்லுகளும் சுவரை ஒட்டிய குறுகிய பரப்பில்தான் மெல்லிய படலமாகக் கிடக்கின்றன. கட்டுமானம் எந்த மட்டத்தில் தொடங்கியது என்பதற்கு அதைவிட நல்ல சான்று அமைவது அரிது. ஆகவே சுவருக்குக் குறுக்காகவே குழி வெட்ட வேண்டும். அதன் பக்கவாட்டில் தெரியும் மண்ணடுக்குகளை வரைந்து முடித்த பின்னரே மேலும் அகழ வேண்டும்.

கல்லே இல்லாத சுவர்களும் உண்டு. பிற்காலத்தவர் தங்கள் வீடுகளுக்காகக் கற்களைப் பெயர்த்தெடுத்த இடத்தில், சாந்துப் பொடியும் உடைந்த செங்கல்லும் கலந்த தளர்ந்த மண் நிரம்பிய நீண்ட பள்ளம் மட்டும் எஞ்சியிருக்கும். அதைக் கலைந்த மண் என்று வாரிக் கொட்டினால் கட்டடத்தின் வரைபடத்தையே இழக்கிறோம். அம்மண்ணில் கிடைக்கும் பானை ஓடும் கட்டிய காலத்தைக் காட்டாது. கற்கள் எடுக்கப்பட்ட பிறகு அப்பள்ளம் எப்போது நிரம்பியது என்பதை அறியவே அது உதவும்.

காலக்கணிப்பில் இன்னொரு பொறி இருக்கிறது. பிளிஸ்காவின் கட்டுமானத்தில் ரோமானியப் படைப்பிரிவுகளின் முத்திரை பதித்த பழைய செங்கற்களும் மீண்டும் பயன்பட்டுள்ளன. முத்திரை அச்செங்கல்லைச் சுட்ட காலத்தைத்தான் சொல்லும். சுவரின் காலத்தை அடித்தளப் பள்ளத்திலும் சாந்திலும்தான் தேட வேண்டும்.

எழுத்துச் சான்றுகளை முந்திக்கொண்டு மண்ணின்மேல் ஏற்றுவதும் தவறு. 811இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் நிகிஃபோரோஸ் பிளிஸ்காவைப் பிடித்து, பல்கேரிய அரசர் கான் க்ரூமின் அரண்மனையை எரித்தார் என்பது வரலாறு. அதற்காகக் கண்ணில் படும் கரிப்படலம் ஒவ்வொன்றையும் அந்த ஆண்டின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. தடித்த உத்தரத்தின் உட்புறக் கரியைக் கரிமக் காலக்கணிப்புக்கு (எஞ்சியுள்ள கதிரியக்கக் கரிமத்தை அளந்து வயதறியும் முறைக்கு) அனுப்பினால், தீப்பற்றிய ஆண்டுக்குப் பதிலாக அந்த மரம் இளமையாக வளர்ந்துகொண்டிருந்த காலமே விடையாகக் கிடைக்கும். கருகிய தானியமும் சுள்ளியும் ஓராண்டு அல்லது சில ஆண்டுகளே வளர்ந்தவை என்பதால் அவற்றையே தேர்ந்தெடுப்பது நல்லது.

தலைநகரம் இடம் மாறிய பிறகும் பிளிஸ்காவில் மக்கள் வாழ்ந்தனர். 10, 11ஆம் நூற்றாண்டுகளில் அவர்கள் மண்ணில் பாதி புதைந்த சிறு குடில்களையும் அடுப்புகளையும் அமைத்தனர். அரண்மனையை எட்டும் அவசரத்தில் இந்த மேலடுக்கைச் சீவித் தள்ளுவதையே நான் மிகப் பெரிய இழப்பாகக் கருதுகிறேன். மேலும், அக்குழிகளின் விளிம்பை முதலில் அடையாளம் காணாவிட்டால், அவற்றில் கிடந்த ஓடுகள் கீழேயுள்ள பழைய தரைக்கு உரியவை எனப் பதிவாகி, எல்லாக் கணக்கையும் குழப்பிவிடும்.

அகழ்ந்து முடித்த சுவரை மூடாமல் விட்டால், குளிர்காலத்தில் உள்ளே இறங்கிய நீர் உறைந்து விரிந்து சாந்தைப் பிளந்துவிடும். சிமெண்ட் பூசுவது அதைவிட மோசம். ஈரத்தை வெளியேற விடாமல் அடைத்து, உப்பையும் சேர்த்துவிடும் என்பதால் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. சுவரை உயர்த்திக் கட்டுவதிலும் எச்சரிக்கை தேவை. பல்கேரியாவின் வெலிகோ தர்னோவோ நகரில் சாரெவெட்ஸ் குன்றிலுள்ள 'பால்ட்வின் கோபுரம்' 1930இல் செர்வென் கோட்டைக் கோபுரத்தை மாதிரியாகக் கொண்டு கட்டப்பட்டது. விவரம் அறியாமல் பார்க்கிறவர் அதை இடைக்காலக் கோபுரமாகவே நினைத்துக்கொள்ளக்கூடும். பழைய கல்வரிசை முடிந்து புதியது தொடங்கும் இடத்தில், யாரும் காணும்படி ஒரு கோடு பதித்துவிட்டே மேலே கட்ட வேண்டும்.