மஞ்சப்பையும் மே மாதமும்: பள்ளிப் பிள்ளைகளின் உதவிகளைக் கைநழுவ விடும் தவறுகள்

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் காலையில், நான் ஷட்டரைத் தூக்கும் முன்பே படியில் பத்துப் பேர் உட்கார்ந்திருப்பார்கள். பாதிப் பேர் மடியில் மஞ்சப்பை. அதற்குள் லேமினேட் செய்த ஆதார், மடித்து மடித்து நைந்துபோன ரேஷன் கார்டு ஜெராக்ஸ், எந்தக் காலத்திலோ எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. "தம்பி, நாளைக்குக் கடைசித் தேதியாம், ஒரு வருமானச் சான்றிதழ் போட்டுக் குடுப்பா" என்பார்கள்.

திருமங்கலம் பக்கம் இ-சேவை மையம் வைத்திருக்கிறேன். சான்றிதழுக்கு விண்ணப்பம் பதிவேற்ற எனக்குப் பத்து நிமிடம், கட்டணம் 60 ரூபாய். அதற்கப்புறம் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ., தாலுகா ஆபீஸ் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும். தாலுகா முழுக்க உள்ள பிள்ளைகளின் விண்ணப்பங்கள் அதே வாரத்தில் அதே மூன்று மேஜையில்தான் குவிந்து கிடக்கும். வருமானச் சான்றிதழுக்குத்தான் ஓராண்டு கெடு. சாதி, இருப்பிடச் சான்றுகளைப் பத்தாம் வகுப்பிலேயே வாங்கி வைத்தால் யார் வேண்டாம் என்கிறார்கள்? இன்னொன்று, மத்திய அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் பி.சி., எம்.பி.சி. பிள்ளைகளுக்கு நம் மாநிலச் சாதிச் சான்று போதாது. ஓ.பி.சி. சான்றிதழ் என்று தனியாக ஒன்று எடுக்க வேண்டும். கவுன்சலிங் வாரத்தில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

இதெல்லாம் சில்லறைத் தலைவலி. பெரிய தலைவலி பெயர். பள்ளியில் 'மு. கார்த்திகா', ஆதாரில் 'கார்த்திகா முருகன்', வங்கிப் புத்தகத்தில் வேறொரு எழுத்துக்கூட்டு. மூன்றும் நம் வீட்டுப் பிள்ளைதான் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போது பள்ளியில் கையெழுத்துக் கேட்பார்கள். அன்றைக்கு உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகப் பாருங்கள், பிறந்த தேதியையும் பாருங்கள். மார்க் ஷீட் அச்சாகி வந்துவிட்டால் பிறகு அலைச்சல்தான். பதினைந்து வயதில் ஆதாருக்கு மறுபடி கைரேகை, கண் பதிவு செய்ய வேண்டும், பதினேழு வயது நிறையும் முன் செய்தால் இலவசம். செய்யாமல் விட்ட பிள்ளை நுழைவுத்தேர்வு விண்ணப்ப நேரத்தில் வந்து நிற்கும்.

அடுத்தது வங்கிக் கணக்கு. ஒரு அம்மா மாதாமாதம் பாஸ்புக்கைக் கொண்டுவந்து, "புதுமைப்பெண் காசு ஏறவே இல்லை தம்பி" என்று புலம்பிக்கொண்டிருந்தார். பார்த்தால், அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண் பிள்ளைகளுக்கு வரும் அந்த மாதம் 1000 ரூபாய் ஒழுங்காக ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் மகள் ஆறாவது படிக்கும்போது ஸ்காலர்ஷிப்புக்காகத் திறந்து மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கில். அரசுப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்து வருவதில்லை, எந்தக் கணக்கில் ஆதார் மானியத்துக்காக இணைந்திருக்கிறதோ அங்கே போகிறது. ஆதார் ஜெராக்ஸ் கொடுப்பது வேறு, இந்த இணைப்பு வேறு. வங்கியில், "மானியம் வர்ற கணக்கா இதை மாத்திக் குடுங்க" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். எந்த வங்கியில் இணைந்திருக்கிறது என்பதை ஆதார் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம்.

பாசத்தில் செய்கிற தவறு ஒன்று உண்டு, எனக்கு அதுதான் மனசு ஆறாது. அரசுப் பள்ளியில் நன்றாகப் படிக்கிற பிள்ளையை, ஒன்பதாவதிலோ பதினொன்றாவதிலோ கடன் வாங்கித் தனியார் பள்ளியில் சேர்ப்பது. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவத்தில் 2020-இல் வந்த 7.5 சதவீத உள்ஒதுக்கீடு, அடுத்த ஆண்டு பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்தது. அதற்கு ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். இடையில் ஓராண்டு தனியார் பள்ளிக்குப் போனாலும் போச்சு. கல்லூரிக்குப் போனபின் வரும் புதுமைப்பெண், ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப்புதல்வன் பணமும் அதோடு கைவிட்டுப் போகும். மாற்றவே கூடாது என்று சொல்ல மாட்டேன், அது அவரவர் கணக்கு. எதை விடுகிறோம் என்று தெரிந்து மாற்றுங்கள்.

இதிலேயே இன்னொரு குழப்பம், அரசு உதவி பெறும் பள்ளியை அரசுப் பள்ளி என்று நினைப்பது. மதுரை டவுனில் பேர்பெற்ற பழைய பள்ளிகள் பல உதவி பெறும் பள்ளிகள்தான். அங்கே தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் உண்டு, 7.5 கிடையாது. உசிலம்பட்டி, செல்லம்பட்டிப் பக்கம் உள்ள அரசின் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், மாநகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் எல்லாம் 7.5-இல் வரும். "எங்க பிள்ளை படிச்சது கள்ளர் ஸ்கூல், அது கவர்மென்ட் ஸ்கூல்ல சேருமா?" என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். சேரும்.

பன்னிரண்டு முடித்த பிறகு தேடுவதால் தவறுகிறவை எத்தனையோ. எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை ஆண்டுக்கு 12,000 ரூபாய். குடும்ப வருமானம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் இணையத்தில் புதுப்பிக்காவிட்டால் நின்றுபோகும், தேறிய பிள்ளைகளே இதில் கோட்டை விடுகிறார்கள். பதினொன்றாவதில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வு இருக்கிறது, 1500 பேருக்கு மாதம் 1500 ரூபாய், இரண்டு வருஷம். குடும்பத்தில் முதல் ஆளாகப் பட்டம் படிக்கிறவருக்கான முதல் பட்டதாரிச் சான்றிதழ் வீட்டில் ஒருவருக்குத்தான். அண்ணன் அந்தச் சலுகையில் படித்திருந்தால் தங்கச்சிக்கு விண்ணப்பித்து 60 ரூபாயை வீணாக்க வேண்டாம்.

கேட்கவே கூசுகிற ஒன்று, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். சம்பாதிக்கிற அப்பாவோ அம்மாவோ விபத்தில் இறந்துவிட்டாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டாலோ, அரசுப் பள்ளியிலும் உதவி பெறும் பள்ளியிலும் படிக்கும் பிள்ளைக்கு 75,000 ரூபாய் உண்டு. நாற்கரச் சாலை ஓரத்து ஊர்க்காரர்கள் நாங்கள், இது எங்களுக்குத் தூரத்துச் செய்தி இல்லை. என் மையத்தில் இதற்கு விண்ணப்பிக்க முடியாது, தலைமை ஆசிரியர் மூலமாகத்தான் போகும். எப்.ஐ.ஆர்., பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்று இவற்றைக் காரியம் முடிந்த கையோடு நகல் எடுத்து ஒரு பையில் போட்டு வையுங்கள்.

பணம் சம்பந்தமில்லாத உதவிகளைத்தான் நம் ஆட்கள் அதிகம் ஒதுக்குகிறார்கள். என் அக்கா மகன் பன்னிரண்டாவதில் கணக்கில் பெயிலாகிவிட்டான். மூன்று நாள் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான், தட்டில் போட்ட சோறு காய்ந்தது. மச்சான், "ஆம்பளப் பய, தானா எந்திரிப்பான், விடு" என்றார். அக்காவுக்கோ, வெளியே தெரிந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்ற பயம். நான் 14417-க்குப் போன் போட்டு அவன் கையில் கொடுத்தேன். பள்ளிக்கல்வித் துறையின் இலவச எண் அது, படிப்பைப் பற்றிய சந்தேகமும் கேட்கலாம், மனசு விட்டும் பேசலாம். முதலில் "ம்", "ம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். அப்புறம் போனோடு மொட்டை மாடிக்குப் போய்விட்டான். அரை மணி நேரத்துக்கு மேல் கழித்து இறங்கிவந்து, "மாமா, துணைத்தேர்வுக்கு ஸ்கூல்லயே அப்ளை பண்ணலாமாம், ரொம்ப நாள் டைம் இல்லையாம்" என்றான். அக்கா உடனே அடுப்பைப் பற்றவைத்தது.

அந்த எண்ணுக்குப் பேசினால் பைத்தியம் என்று அர்த்தமில்லை. ராத்திரி என்றால் 14416 என்ற மனநல உதவி எண், இருபத்து நான்கு மணி நேரமும் தமிழில் பேசலாம். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை உண்டு. வீட்டிலோ வெளியிலோ அடி, தொந்தரவு, பதினெட்டுக்கு முன் கல்யாணப் பேச்சு என்றால் குழந்தைகள் உதவி எண் 1098. பிள்ளையே கூப்பிடலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கூப்பிடலாம்.

எழுதப் படிக்கத் திணறுகிற குறையோ (டிஸ்லெக்சியா) பார்வைக் குறையோ உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதலாக 1 மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு என்று சலுகைகள் உண்டு. மருத்துவச் சான்றோடு தலைமை ஆசிரியர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். "பொம்பளப் பிள்ளை, நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்று மறைத்துவிட்டு, மார்க் வந்தபின் பிள்ளையைத் திட்டுகிற வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, ஏப்ரல், மே மாதங்களில் ஊருக்குள் பைக்கில் வருகிற ஆட்கள். "சீட் கன்ஃபார்ம், ஒரிஜினலை மட்டும் குடுங்க" என்பார்கள். டி.சி.யும் மார்க் ஷீட்டும் அவர்கள் கைக்குப் போய்விட்டால், கவுன்சலிங்கில் வேறு கல்லூரி கிடைத்தாலும் அதை மீட்கப் பணம் கட்டச் சொல்வார்கள். ஜெராக்ஸ் போதும், ஒரிஜினல் கல்லூரியில் சேருகிற அன்றைக்குத்தான். அதே மாதிரி, "கல்வித் துறையில இருந்து பேசுறோம், ஸ்காலர்ஷிப் வந்திருக்கு" என்று பிள்ளையின் பெயர், பள்ளி எல்லாம் சரியாகச் சொல்லி ஒரு போன் வரும். வாட்ஸ்அப்பில் ஒரு க்யூஆர் கோடு அனுப்பி ஸ்கேன் பண்ணச் சொல்வார்கள். காசு வாங்குவதற்கு ஸ்கேனும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். போனை வைத்துவிட்டு சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடியுங்கள். காசு போய்விட்டிருந்தால் அன்றைக்கே அடியுங்கள், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.