மதியம் வரைக்கும் புளிக்காத தயிர்சாதம், லஞ்ச் பாக்ஸுக்கு

காலைல அவசரத்துல டப்பா கட்டணும்னா தயிர்சாதத்த விட ஈஸி எதுவும் இல்ல, ஆனா நிறைய பேர் தயிர அப்படியே ஊத்தி பிசைஞ்சு குடுத்து அனுப்பிடுறாங்க, வெயில் காலத்துல பன்னெண்டரைக்கு திறந்தா குப்புன்னு புளிச்ச வாடைதான் வரும். சாதத்த நல்லா குழைய வேகவச்சு, சூடா இருக்கும்போதே மசிச்சு உப்பு போட்டு, 1 கப் சாதத்துக்கு முக்கால் கப் காய்ச்சின பால் ஊத்துங்க, வெதுவெதுப்பா ஆனப்புறம் 2 ஸ்பூன் புளிக்காத தயிர், அவ்ளோதான். மதியத்துக்குள்ள அந்தப் பாலே உறைஞ்சு தயிராகி சாதம் கெட்டியாகிடும், அதனால காலைல பாக்கும்போது கூழ் மாதிரி தளதளன்னுதான் இருக்கணும், பயந்துபோய் பாலக் குறைச்சிடாதீங்க. கடுகு, இஞ்சி, பெருங்காயம், கருவேப்பிலை தாளிச்சுக் கொட்டுங்க. பச்சை வெங்காயம் வேணவே வேணாம், மூடி வச்சா வாடை அடிக்கும். பசங்களுக்கு மாதுளை முத்து போடலாம் (எனக்கென்னமோ அது பிடிக்கிறதில்ல). சூட்டோட மூடாதீங்க, மூடி வேர்த்து தண்ணி சொட்டும். மோர் மிளகாய்னா தனி டப்பால வைங்க, இல்லன்னா நமுத்துரும், மாவடுன்னா ஓரமா ரெண்டு வச்சா போதும்.