ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் வயிற்றுப்போக்கு கூடுகிறதா? பச்சிளங்குழந்தையிடம் கவனிக்க வேண்டியவை

பிறந்த சில நாளிலேயே தண்ணீராகப் போகிறது; ஓ.ஆர்.எஸ். (உப்பும் குளுக்கோஸும் சேர்ந்த கரைசல்) கொடுக்கக் கொடுக்க இன்னும் கூடுகிறது. இப்படியானால் குளுக்கோஸ்-காலக்டோஸ் உறிஞ்சாமையை, அதாவது இந்த இரண்டு சர்க்கரைகளையும் குடல் உள்ளே இழுக்க முடியாத பிறவி நோயைச் சந்தேகியுங்கள். சிறுகுடலில் குளுக்கோஸோடு சோடியத்தையும் சேர்த்து உள்ளே இழுக்கும் எஸ்.ஜி.எல்.டி.1 புரதத்தை நம்பித்தான் ஓ.ஆர்.எஸ். வேலை செய்கிறது. அதை உண்டாக்கும் எஸ்.எல்.சி.5.ஏ.1 மரபணு (22ஆம் குரோமோசோம்) இரண்டு பிரதியிலும் பழுதானால், சர்க்கரை குடலிலேயே தங்கி நீரை இழுக்கும். தாய்ப்பாலின் லாக்டோஸும் உடைந்தால் இதே இரண்டு சர்க்கரைகள்தான். தாய் சாப்பிட்டதில் குற்றம் எதுவும் இல்லை.

முதலில் ஏமாற்றுவது டயப்பர். மலம் அதில் ஊறிவிடுவதால் சிறுநீர் என்றே நினைக்கத் தோன்றும். "ஒன்றுக்கு நன்றாகத்தானே போகிறான்" என்று இருக்கும்போதே எடை குறையும், ரத்தத்தில் சோடியம் ஏறும். சிறுநீர் பிடிக்கும் பிளாஸ்டிக் பையை ஒட்டி இரண்டையும் பிரித்துப் பாருங்கள்.

பரிசோதனைக்கு டயப்பருக்குள் பிளாஸ்டிக் தாள் விரித்து, மலத்தின் நீர்ப்பகுதியை எடுத்து உடனே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். வைத்திருந்தால் பாக்டீரியா சர்க்கரையைத் தின்றுவிடும், முடிவு பொய்யாக வரும். பி.எச். (அமிலத்தன்மையின் அளவு; குறையக் குறைய அமிலம் அதிகம்) 5.5-க்குக் கீழே, ஒடுக்கும் சர்க்கரை (குளுக்கோஸ், காலக்டோஸ் போன்றவை) பாசிட்டிவ் என்றால் சந்தேகம் வலுக்கிறது.

அடுத்தது, மருத்துவமனையில் மட்டும், வாய்வழி உணவை நிறுத்தி டிரிப் ஏற்றுவது. நரம்பு வழியே போகும் குளுக்கோஸ் குடலைத் தொடாததால் பயமில்லை. போக்கு நின்றால் காரணம் உணவில் இருக்கிறது; சர்க்கரை மீது சந்தேகம் இன்னும் கூடும். நிற்காமல் ஓடினால் எஸ்.எல்.சி.26.ஏ.3 (பிறவிக் குளோரைடு வயிற்றுப்போக்கு), எம்.ஒய்.ஓ.5.பி (குடல் உட்சுவரின் நுண்விரல்கள் பழுதாகும் நோய்) போன்ற மரபணுக்களைத் தேட வேண்டும். லாக்டோஸ் இல்லாத பால்பவுடரிலும் அடங்கவில்லையா? பிறவி லாக்டேஸ் குறைபாடு (லாக்டோஸை உடைக்கும் நொதி இல்லாமை) இல்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். அந்தப் பவுடர்களில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருக்கும், அதுவும் குளுக்கோஸ்தான்.

உறுதிப்படுத்த, குழந்தை, தாய், தந்தை மூவரின் ரத்தமும் இ.டி.டி.ஏ. குழாயில் (ரத்தம் உறையாமல் வைக்கும் குழாய்) மரபணுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். பெற்றோர் இருவரும் தலா ஒரு பழுதான பிரதியைச் சுமப்பவர்கள் என்றால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் நோய் வரும் வாய்ப்பு 25%. மூத்த பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்ததற்கு வராது என்ற கணக்கு இங்கே செல்லாது. தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் கட்டியிருந்தால் இருவருக்கும் ஒரே பழுது இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள்.

சிகிச்சை உணவுதான். ஃப்ரக்டோஸ் வேறு கதவு (ஜி.எல்.யு.டி.5 என்ற புரதம்) வழியாக உள்ளே போவதால், அதை மட்டுமே மாவுச்சத்தாக (கார்போஹைட்ரேட்டாக) கொண்ட பால்பவுடரை மருத்துவர் எழுதிக்கொடுப்பார். அரிசிக் கஞ்சி, சீனி, தேன், இளநீர் எல்லாவற்றிலும் குளுக்கோஸ் ஒளிந்திருப்பதால் சிறுவயதில் இவை வேண்டாம். காய்ச்சல் சிரப்பிலும் சீனி உண்டு. மருந்துக் கடையில் சீனி சேராததாகக் கேளுங்கள். வளர வளரக் கொஞ்சம் கொஞ்சமாகச் சோறு தாங்கும். எவ்வளவு, எப்போது என்பதை உணவியலாளரோடு சேர்ந்துதான் கூட்ட வேண்டும்.